பீட்டில்ஸின் முதல் படத்துண்டையும் முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் ஆராய்ந்து பார்ப்பது எப்படி

1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி, லிவர்பூல் நகரின் மேத்யூ தெருவில் ஒரு கிடங்குக் கட்டடத்தின் நிலவறையில் இயங்கிவந்த கேவர்ன் கிளப்புக்குள், கிரனாடா தொலைக்காட்சியின் படப்பிடிப்புக் குழு ஒன்று இறங்கி, அந்த வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேர் அறியாத பீட்டில்ஸ் குழுவின் நான்கு இளைஞர்கள் பாடுவதைப் படம்பிடித்தது. சரியாக எட்டு வாரங்கள் கழித்து, அக்டோபர் 17ஆம் தேதி, அதே கிரனாடாவின் மான்செஸ்டர் ஸ்டூடியோவிலிருந்து அந்த நால்வரும் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் நேரலையாகத் தோன்றினார்கள். முதலாவது நிகழ்வின் படம் நம்மிடம் இருக்கிறது, ஆனால் எடுத்த காலத்தில் அது ஒளிபரப்பாகவில்லை. இரண்டாவதை வட இங்கிலாந்தின் வீடுகளில் அன்று மாலையே பார்த்தார்கள், ஆனால் அதன் படம் இன்று இல்லை. பீட்டில்ஸின் தொடக்கக் காலப் படங்களை அக்கறையோடு பார்க்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இது. ஏனென்றால் இணையத்தில் ‘பீட்டில்ஸின் முதல் டிவி நிகழ்ச்சி’ என்ற தலைப்போடு வரும் காணொளிகளில் பல, உண்மையில் கேவர்ன் நிலவறைப் படமாகவோ, அதற்கும் பிந்தைய ஒன்றாகவோ இருக்கின்றன.

நமக்கு இந்தக் கவனம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975இல்தான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பீட்டில்ஸ் பிரிந்துவிட்டது. அவர்களது படங்கள் தமிழ் வாசகர்களுக்குப் பெரும்பாலும் ஆவணப்படங்களிலிருந்து வெட்டப்பட்ட துண்டுகளாகவும், ஒளிநாடாவிலிருந்து எடுத்த பிரதிகளாகவும், அண்மையில் கணினியால் வண்ணமேற்றப்பட்ட வடிவங்களாகவுமே வந்து சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கைமாறலிலும் ஒன்று மாறியிருக்கும்: சில இடங்களில் படத்தின் வேகம், சில இடங்களில் சட்டகத்தின் அளவு, மிகப் பல இடங்களில் ஒலி.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே முறையைத்தான் வலியுறுத்துகிறது. படத்தையும் ஒலியையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை இரண்டு தனித்தனிச் சாட்சிகள். ஒவ்வொன்றையும் தனியே நிறுத்தி, நீ எங்கிருந்து வந்தாய், எந்த நாளில் பிறந்தாய் என்று விசாரித்த பிறகே இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும்.

தேவையான கருவிகள் குறைவு. நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வேண்டும். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தக்கூடிய காணொளி மென்பொருள் வேண்டும். விஎல்சியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து விசை அதைச் செய்கிறது, யூடியூபில் காணொளியை நிறுத்திவைத்துக்கொண்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னும் முன்னும் நகரும். சுருதியைச் சரிபார்க்கக் கைப்பேசியில் ஒரு டியூனர் செயலி போதும். கிட்டாரோ கீபோர்டோ வாசிக்கத் தெரிந்தவர் அதையே பயன்படுத்தலாம். பாடலின் வெளியிடப்பட்ட இசைத்தட்டு வடிவம் ஒப்பிடுவதற்குக் கையில் இருக்க வேண்டும். இவற்றோடு, பார்க்கும்போதே குறித்துக்கொள்ள ஒரு குறிப்பேடு.

முதலில் தேதிகளைப் பிரித்தல்

ஒரு படத்துண்டைப் பற்றி எழுதும்போது குறைந்தது மூன்று செய்திகளைத் தனித்தனி வரிகளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நாளில் எடுக்கப்பட்டது, எந்த நாளில் ஒளிபரப்பானது, எந்தப் பகுதி மக்களுக்கு அந்த ஒளிபரப்பு எட்டியது. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வதாலேயே பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன.

கேவர்ன் படம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ‘நோ த நார்த்’ என்ற நிகழ்ச்சிக்காக 1962 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட அந்தப் படம், நாடெங்கும் பீட்டில்ஸ் பெயர் ஒலித்துக்கொண்டிருந்த 1963 நவம்பரில்தான் கிரனாடாவின் இன்னொரு நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. எடுத்த நாளுக்கும் காட்டிய நாளுக்கும் இடையே ஓராண்டுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் குழுவின் வாழ்க்கை முழுவதுமாக மாறிப்போயிருந்தது.

அக்டோபர் 17ஆம் தேதி நிகழ்ச்சியின் பெயர் ‘பீப்பிள் அண்ட் பிளேசஸ்’. அன்று அவர்கள் பாடியவை இரண்டு: கேவர்னில் படமாக்கப்பட்ட அதே ‘சம் அதர் கை’, அக்டோபர் 5ஆம் தேதி பார்லஃபோன் நிறுவனம் வெளியிட்டிருந்த முதல் இசைத்தட்டுப் பாடலான ‘லவ் மீ டூ’. பிரிட்டனின் வணிகத் தொலைக்காட்சி அப்போது பகுதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கிரனாடா வட இங்கிலாந்துக்கு உரியது, எனவே லண்டனில் இருந்தவர்கள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்திருக்க முடியாது. நாடு தழுவிய முதல் தோற்றம் என்று கருத வேண்டியது பிரிட்டனின் ஏபிசி தொலைக்காட்சியின் ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’. அது பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி ஸ்டூடியோவில் 1963 ஜனவரி 13ஆம் தேதி பதிவு செய்யப்பட்டு 19ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. இங்கிலாந்து தலைமுறைகளாகக் கண்டிராத கடும் பனிக்காலம் அது; மக்கள் வெளியே செல்ல வழியின்றி வீட்டில் அடைந்து கிடந்த ஒரு சனிக்கிழமையில், ஜனவரி 11ஆம் தேதிதான் வெளியாகியிருந்த ‘பிளீஸ் பிளீஸ் மீ’ பாடலை அவர்கள் கேட்டார்கள். அந்தப் பாடலின் வெற்றியில் பனிக்கும் பங்குண்டு என்று பலர் சொல்வதை நான் நம்பத் தயங்குவதில்லை.

அமெரிக்காவுக்கு வந்தால் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியமாகிறது. 1964 பிப்ரவரி 9ஆம் தேதி, ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்ட எட் சல்லிவன் நிகழ்ச்சியே அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் முதலில் தோன்றிய இடம் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அமெரிக்க மண்ணில் நேரலையாக முதலில் பாடியது அங்கேதான். ஆனால் அமெரிக்கத் திரையில் அவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். 1963 நவம்பரிலேயே என்பிசி, சிபிஎஸ் இரண்டின் செய்தி நிகழ்ச்சிகளும் பிரிட்டனின் இந்தப் பரபரப்பைப் பற்றிச் செய்தித் தொகுப்புகளைக் காட்டியிருந்தன. 1964 ஜனவரி 3ஆம் தேதி அமெரிக்கத் தொகுப்பாளர் ஜாக் பார் தம் நிகழ்ச்சியில் பிபிசி எடுத்திருந்த படத்துண்டைக் காட்டினார். இதைவிட நுட்பமான சிக்கல் சல்லிவன் நிகழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. பிப்ரவரி 23ஆம் தேதி ஒளிபரப்பான மூன்றாவது நிகழ்ச்சியின் பாடல்கள், பிப்ரவரி 9ஆம் தேதி பிற்பகலில், அன்றிரவு நேரலைக்குச் சில மணி நேரம் முன்பு, வேறொரு பார்வையாளர் கூட்டத்தின் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டவை. கடைசியாகக் காட்டப்பட்டதுதான் முதலில் பாடப்பட்டது. ஒளிபரப்புத் தேதியை மட்டும் வைத்துக் குரல் தேறியது, கைப்பழக்கம் கூடியது என்றெல்லாம் ஒப்பிட்டு எழுதுகிறவர் இந்த இடத்தில் நிச்சயம் தவறிவிடுவார்.

கேவர்ன் படத்தைப் பார்க்கும் முறை

இந்தப் படத்துண்டைக் குறைந்தது மூன்று முறை பாருங்கள்: ஒலியை முழுவதும் அணைத்து ஒருமுறை, படத்தைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்டு ஒருமுறை, இரண்டையும் சேர்த்து ஒருமுறை.

ஒலியில்லாமல் பார்க்கும்போது முதலில் டிரம்ஸ் வாசிப்பவரின் முகத்தைப் பாருங்கள். முந்தைய டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் குழுவிலிருந்து விலக்கப்பட்டது ஆகஸ்ட் 16ஆம் தேதி. ரிங்கோ ஸ்டார் உறுப்பினராக முதன்முதலில் மேடையேறியது ஆகஸ்ட் 18ஆம் தேதி. படம் எடுக்கப்பட்டது அதற்கு நான்கு நாட்கள் கழித்து. ஆகவே இந்தப் படத்துக்கு ‘1961’ என்று தலைப்பிட்டிருந்தால், வேறெந்த ஆராய்ச்சியும் இல்லாமல், டிரம்ஸுக்குப் பின்னால் ரிங்கோ அமர்ந்திருப்பதைக் கொண்டே அந்தத் தேதியைத் தள்ளிவிடலாம். குழுவில் ஒரு வாரம்கூட நிறைவு செய்யாத ஒருவர், தமக்கு முந்தியவரை இன்னும் மறக்காத ரசிகர்களின் எதிரில் அமர்ந்து வாசிக்கிறார் என்ற அறிவோடு பார்க்கும்போது, அந்தச் சில நிமிடப் படம் வேறொரு அழுத்தம் பெறுகிறது. ஜான் லெனனுக்கு மறுநாள் திருமணம் என்பதும் அதே வாரத்தின் செய்திதான்.

அடுத்து வெளிச்சத்தைப் பாருங்கள். கேவர்ன் என்பது செங்கல் வளைவுகளால் ஆன மூன்று நீண்ட சுரங்கங்கள். வெளிக்காற்றோ வெயிலோ எட்டாத இடம். படச்சுருளில் காணும் கனத்த துகள்களும், முகங்களைச் சுற்றி நிறைந்திருக்கும் இருளும் பிரதியெடுத்ததால் மட்டும் வந்த குறைகள் அல்ல. அந்த இடத்தின் இயல்பும் அதில் பதிந்திருக்கிறது. கணினியால் கூர்மையாக்கப்பட்ட வடிவங்கள் இந்தத் துகள்களை அழிக்கும்போது, கிட்டார் நரம்பின்மேல் விரல்கள் நகரும் சிறு அசைவுகளையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. விரலசைவுதான் நமக்கு முதன்மையான சான்று. எனவே துகள் நிறைந்த பழைய பிரதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பிறகு ஒலிக்கு வருவோம். நிலவறையில் அன்று பதிவான ஒலி திருப்தியாக இல்லாததால், கிரனாடாவின் ஒலிப்பதிவாளர் செப்டம்பர் 5ஆம் தேதி மறுபடியும் கேவர்னுக்குச் சென்று, அதே குழு அதே பாடலைப் பாடுவதைத் தனியே பதிவு செய்தார். அதாவது ஒரே இடம், ஒரே பாடல், ஒரே நால்வர். ஆனால் இரண்டு வெவ்வேறு நாட்கள். ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் பிரதியில் ஒலி எந்த நாளுடையது என்று பிரதிக்குப் பிரதி கேட்டாக வேண்டும். பாடலின் முடிவில் கூட்டத்திலிருந்து ஒருவர் பீட் பெஸ்டைத் திரும்பக் கேட்டுக் கத்துவது புகழ்பெற்ற ஒரு தருணம். அதைப் பற்றி எழுதும்போதும், கத்தல் ஒலிச்சாட்சியின் கூற்று, திரையில் அந்த விநாடியில் தெரியும் முகங்கள் படச்சாட்சியின் கூற்று என்று பிரித்தே எழுதுங்கள்.

ஒத்திசைவைச் சோதிக்க ஃபிரேம்களுக்குள் இறங்க வேண்டும். உதடுகள் முழுவதுமாக மூடித் திறக்கும் ‘ம’, ‘ப’ போன்ற ஒலிகள் வரும் சொற்களைத் தேர்ந்தெடுத்து, உதடு பிரியும் ஃபிரேமும் ஒலி வெடிக்கும் இடமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓரிடத்தில் பொருந்திவிட்டால் போதாது. தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று இடங்களிலாவது பொருந்த வேண்டும். தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகினால், வேறொரு நாளின் ஒலி பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது படமும் ஒலியும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. இந்தப் பாடலை ஜானும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடுகிறார்கள் என்பது ஒரு வசதி. இரண்டு வாய்களைக் கொண்டு ஒரே சொல்லைச் சோதிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் படத்தின் காட்சிகள்மேல் ‘லவ் மீ டூ’ இசைத்தட்டின் ஒலியை ஏற்றியிருந்தால், அது எந்தப் பதிவு என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அந்தப் பாடலை ரிங்கோ டிரம்ஸ் வாசிக்கப் பதிவு செய்தது செப்டம்பர் 4ஆம் தேதி; ஆண்டி வைட் என்ற ஸ்டூடியோக் கலைஞர் டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோ கையில் டாம்புரினோடு (சலங்கை கோத்த கைப்பறை) நின்ற பதிவு செப்டம்பர் 11ஆம் தேதியினது. டாம்புரின் ஓசை கேட்டால் அது இரண்டாவது பதிவு. எந்தப் பதிவாக இருந்தாலும், ஆகஸ்ட் 22ஆம் தேதி எடுத்த படத்தில் அது இடம்பெற வழியே இல்லை.

நேரடியாகப் பாடுகிறார்களா, வாயசைக்கிறார்களா

அக்காலத் தொலைக்காட்சியில் வாயசைப்பு மோசடியாகக் கருதப்பட்டதில்லை. அது வழக்கமான நடைமுறை. ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியின் அமைப்பே, இசைத்தட்டை ஓடவிட்டுக் கலைஞர்கள் அதற்கேற்ப வாயசைப்பதுதான். எனவே இதைக் கண்டறிவது குற்றம் சுமத்துவதற்காக அல்ல. நாம் கேட்பது அன்றைய மேடையா, சில வாரங்களுக்கு முந்தைய ஸ்டூடியோவா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான்.

மின்கிட்டாரிலிருந்து ஒயர் புறப்படுகிறதா, அது ஆம்ப்ளிஃபயர் வரை செல்கிறதா என்று முதலில் பாருங்கள். பாடலை விளம்பரப்படுத்த எடுத்த படங்கள் பலவற்றில் ஒயரே இருக்காது. பாடுகிறவர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பும்போது குரல் குன்றுகிறதா என்று கேளுங்கள். தலையை ஆட்டி விலகும்போதும் குரல் ஒரே அளவில் நின்றால் அது பதிவுசெய்த குரல். டிரம்ஸில் சிம்பல் அசையும் கணமும் அதன் ஓசையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கிட்டார்க் கலைஞரைவிட டிரம்ஸ் கலைஞருக்கு நடிப்பது கடினம் என்பதால், உண்மை பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும். இசைத்தட்டில் ஒரே குரல் இரண்டு முறை பதிவாகித் தடித்து ஒலிக்கும் இடங்களை நினைவில் வைத்துக்கொண்டு, மேடையில் ஒருவர் மட்டும் பாடும்போதும் அதே தடிப்பு வருகிறதா என்று கேளுங்கள். பாடல் முடிவில் ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தால் சந்தேகமே வேண்டாம். மேடையில் நிற்கும் குழு ஒரு முடிவுக்கு வந்து நிறுத்தியே ஆக வேண்டும், தேய்ந்து மறைய அதனால் முடியாது.

நேரடி நிகழ்ச்சிக்கு நல்ல சான்று குறைகள்தான். பிப்ரவரி 9ஆம் தேதிச் சல்லிவன் நிகழ்ச்சியில் ஜானின் குரல் பாலின் குரலைவிடத் தாழ்ந்து கேட்கிறது. ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாடலின் தொடக்கத்தை இசைத்தட்டோடு ஒப்பிட்டால் எந்த ஒலிப்பொறியாளரும் வேண்டுமென்றே அப்படிக் கலந்திருக்க மாட்டார் என்பது உடனே விளங்கும். அந்தச் சமனின்மையே அது அந்த இரவின் ஒலி என்பதற்கு உறுதி அளிக்கிறது. அதைச் சரிசெய்து வெளியிட்ட வடிவங்களைவிட, ஜான் பின்தங்கி ஒலிக்கும் வடிவத்தையே நான் விரும்பிக் கேட்கிறேன்.

கூட்டத்தின் கூச்சலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிபிசியின் ‘த மெர்சி சவுண்ட்’ ஆவணப்படத்துக்காக 1963 ஆகஸ்டில் சவுத்போர்ட் நகர அரங்கு ஒன்றில் குழுவைத் தனியே பாடவைத்துப் படமெடுத்து, வேறொரு நிகழ்ச்சியின் பார்வையாளர் காட்சிகளை அதனோடு இணைத்தார்கள். மேடையும் கூட்டமும் ஒரே ஃபிரேமுக்குள் சேர்ந்து வருகின்றனவா, அல்லது எப்போதும் மாறி மாறித்தான் வருகின்றனவா என்று கவனியுங்கள். ஒருமுறைகூடச் சேர்ந்து வரவில்லையென்றால் அவை வெவ்வேறு இடங்களாக இருக்க வாய்ப்புண்டு.

கருவிகளைக் கொண்டு காலத்தைக் குறித்தல்

உடை, முடி ஆகியவற்றைவிட இசைக்கருவிகள் நம்பகமானவை. ரிங்கோ 1963 மே மாதம் வரை வாசித்தது பிரீமியர் நிறுவனத்தின் டிரம்ஸ். அதன் பிறகே, முத்துச் சாயலில் கறுப்பும் வெண்மையும் கலந்த லட்விக் டிரம்ஸும், நடுவில் நிற்கும் ‘டி’ எழுத்து மட்டும் கீழே நீண்டு இறங்கும் புகழ்பெற்ற பெயர்ப் பொறிப்பும் வருகின்றன. அந்தப் பொறிப்பு தெரிந்தால் படம் 1963 மே மாதத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. பாலின் பேஸ் கிட்டாரில், ஒலியை வாங்கும் இரண்டு பிக்கப்களும் கழுத்துப் பக்கம் நெருங்கி அமைந்திருந்தால் அது 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர். இடைவெளி விட்டு அமைந்திருந்தால் 1963இன் பிற்பகுதியில் வந்த இரண்டாவது ஹாஃப்னர். ஜானின் சிறிய ரிக்கன்பேக்கர் கிட்டாரும் உதவும்: 1964 பிப்ரவரி 9ஆம் தேதி நியூயார்க்கில் அவர் கையில் இருந்தது, ஹாம்பர்க்கில் வாசித்த காலத்துப் பழையது, 16ஆம் தேதி மயாமியில் நடந்த இரண்டாவது சல்லிவன் நிகழ்ச்சியில் இருந்தது புதியது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பழைய ஹாஃப்னரைப் பால் பிற்பாடும் எடுத்து வாசித்திருக்கிறார். ஆகவே புதிய கருவி தெரிந்தால் ‘இதற்கு முன்பு இல்லை’ என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய கருவி தெரிந்தால் ‘இதற்குப் பின்பு இல்லை’ என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது.

வேகமும் சுருதியும்

திரைப்படச் சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். பிரிட்டனின் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம். 24இல் எடுத்ததை 25இல் ஓட்டினால் படம் 4 சதவீதம் விரைகிறது, சுருதி ஓர் அரைஸ்வரத்தில் (செமிடோன்) ஏறத்தாழ முக்கால் பங்கு உயர்கிறது. 2 நிமிடம் 24 நொடி ஓட வேண்டிய பாடல் 2 நிமிடம் 18 நொடியில் முடிந்துவிடும். இசைத்தட்டோடு ஒப்பிட்டு, சுருதியும் நேரமும் இதே அளவில் மாறியிருந்தால் காரணம் இதுதான். ஆனால் நேரடியாகப் பாடும்போது குழுவே விரைந்து வாசிப்பதும் உண்டு. அப்போது நேரம் குறையும், சுருதி மாறாது. இரண்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

அக்காலப் படங்கள் யாவும் நான்குக்கு மூன்று என்ற அளவிலானவை. அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியிருந்தால், நாம் தேடும் கைகளும் மிதிகட்டைகளும் வெட்டுப்பட்ட பகுதியில்தான் போயிருக்கும். அத்தகைய பிரதியை ஒதுக்கிவிடுங்கள்.

விளம்பரப் படங்களுக்கு வரும்போது

1965 நவம்பர் 23ஆம் தேதி டுவிக்கன்ஹாம் ஸ்டூடியோவில் ஜோ மெக்ராத் இயக்கத்தில், ஒரே நாளில், ஐந்து பாடல்களுக்குப் பத்துப் படங்கள் கறுப்பு வெள்ளை வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டன. நோக்கம் நேரடியானது: ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் நால்வரும் நேரில் செல்வது இனி இயலாது, எனவே படத்தை அனுப்பிவிடுவது. இங்கே ஒலி இசைத்தட்டினுடையது என்பது வெளிப்படை. ‘ஐ ஃபீல் ஃபைன்’ படத்தில் ரிங்கோ டிரம்ஸை விட்டுவிட்டு உடற்பயிற்சிச் சைக்கிளை மிதித்துக்கொண்டிருக்கிறார். அதனால் இந்தப் படங்களில் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. ஒரே பாடலுக்கு மூன்று வடிவங்கள்வரை இருப்பதால், நாம் பார்ப்பது எந்த வடிவம், அது முழுமையானதா, இரண்டு வடிவங்களை வெட்டி ஒட்டியதா என்பதே முதல் கேள்வி. உடை, நிற்கும் வரிசை, பின்னணி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வெட்டுக்கும் குறித்துவந்தால் ஒட்டு தானே தெரியவரும். பிற்காலத் தொகுப்புகள் இப்படி ஒட்டுவதில் தயக்கம் காட்டியதில்லை. 2015இல் வெளியான ‘1+’ தொகுப்பில் பல படங்கள் தனித்தனியே முழுமையாகக் கிடைக்கின்றன. ஒப்பீட்டுக்கு அதை அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

1966 மே 19, 20 தேதிகளில் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் எடுத்த ‘பேப்பர்பேக் ரைட்டர்’, ‘ரெயின்’ படங்களில் ஸ்டூடியோவுக்குள் எடுத்தவை, சிஸ்விக் ஹவுஸ் தோட்டத்தில் எடுத்தவை என்று இருவகை உண்டு. நிறத்திலும் கறுப்பு வெள்ளையிலும் உண்டு. நெருக்கக் காட்சிகளில் பாலின் முன்பல் ஒன்று உடைந்திருப்பது தெரியும். 1965 டிசம்பரில் மொபெட்டிலிருந்து விழுந்ததன் விளைவு அது. கருவிகள் தெரியாத காட்சிகளில் இப்படிப்பட்ட அடையாளங்களே தேதி குறிக்க உதவும்.

இந்தப் படங்கள் சில இடங்களில் காட்டப்படாமல் போனதற்கும் ஒலியே காரணமாக இருந்தது. 1967 நவம்பர் 10ஆம் தேதி சேவில் அரங்கில் எடுத்த ‘ஹலோ குட்பை’ படங்களை பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ காட்டவில்லை. தொலைக்காட்சியில் வாயசைப்பதற்கு எதிராக இசைக்கலைஞர் சங்கம் கொண்டுவந்திருந்த தடை அப்போது நடப்பில் இருந்தது. அமெரிக்காவில் அதே மாதம் சல்லிவன் நிகழ்ச்சியில் அது தாராளமாகக் காட்டப்பட்டது. ஆகவே ஒரு படம் ஒரு நாட்டில் காட்டப்படவில்லை என்றால், தரம் குறைவு என்று முடிவுகட்டும் முன் அந்நாட்டு விதிகளைப் பாருங்கள்.

படமே இல்லாதபோது

அக்டோபர் 17ஆம் தேதி நிகழ்ச்சிக்குப் படம் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அக்கால வீடியோ டேப் இரண்டு அங்குல அகலமும் பெரும் விலையும் கொண்டது. பதிவு செய்தவற்றையும் அழித்துவிட்டு அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்தார்கள், நேரலையில் போனவற்றில் பலவற்றைப் பதிவு செய்யவே இல்லை. இதை அறியாமல் அந்த நாளின் காணொளியைத் தேடி அலைவதைவிட, நிகழ்ச்சிப் பட்டியல், பாடிய பாடல்கள், அந்த மாதத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு விவரக்குறிப்பைத் தயாரிப்பது பயன்தரும்.

ஆனால் அழிக்கப்பட்டவை வேறு வழிகளில் மிஞ்சியிருக்கலாம், தேட வேண்டிய இடங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1965இல் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்காகப் பதிவான ‘டிக்கெட் டு ரைடு’ அழிந்துபோனது; ஆயினும் அதன் ஒரு துண்டு, ‘டாக்டர் ஹூ’ தொடரின் அதே ஆண்டு மே மாத அத்தியாயம் ஒன்றில் கதாபாத்திரங்கள் பார்க்கும் காட்சியாக இடம்பெற்றதால், அந்த அத்தியாயத்தோடு பிழைத்துக்கொண்டது. 1966 ஜூன் 16ஆம் தேதி அதே நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் நேரில் தோன்றியதும் இழந்துபோனதாகவே கருதப்பட்டுவந்தது. 2019இல் சில துண்டுகள் வெளிவந்தன, அவற்றில் ஒன்று, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் திரைக்கு நேரே 8 மி.மீ. கேமராவைப் பிடித்து ஒலியில்லாமல் எடுக்கப்பட்டது. அதைப் பார்க்கும்போதும் முறை அதேதான். படம் 1966 ஜூன் 16ஆம் தேதியினது என்று எழுதுங்கள். அதனோடு இன்று கேட்கும் ஒலி பின்னர் இசைத்தட்டிலிருந்து பொருத்தப்பட்டது என்பதை அடுத்த வரியில் தனியாக எழுதுங்கள்.